பாம்புக்காதுக்காரர்

என் அக்காவின் கணவரை டிரைவர்கள் பாம்புக்காதுக்காரர் என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். கார்களுக்கு மின்சார வேலை பார்ப்பவர் அவர். விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர் எல்லாம் பார்ப்பார் என்றாலும் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ரேடியேட்டர் ஃபேன்தான். ஊரெல்லாம் சுற்றியும் சரியாகாத ஃபேன் கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்து நிற்கும்.

கடை என்றால் ஒரு ஷட்டர், உள்ளே ஒரு கார் நிற்கிற இடம், சுவரோரமாக ஒரு நீள மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு கதவு. அதைத் திறந்தால் எங்கள் சமையலறை. மேஜையின் கோடியில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். ஒயர் வெட்டுவது, முனையைச் சீவி டெர்மினல் என்கிற பித்தளை நுனி வைத்து நெரிப்பது, நாலைந்து ஒயரைச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அக்காவின் பிரசவத்துக்கு உதவ வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். அக்கா மகள் இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் இன்னும் இங்கேதான். ஆட்களோடு பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். டேப் சுற்றுவதற்குப் பேச்சு வேண்டியதில்லை.

அத்தான் கஸ்டமருக்கு ஃபேனைப் பற்றிச் சொல்வதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

"அடுப்புல பால் வச்சிட்டு எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போயிட்டா என்ன ஆகும்? ஒருத்தராவது பக்கத்துல நின்னு பாக்கணும் இல்லையா? அந்த ஆளுதான் சென்சார். என்ஜின் தண்ணி எவ்வளவு சூடா இருக்குன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். பொங்குறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி ரிலேவுக்குச் சொல்லும். ரிலேதான் ஃபேனுக்குக் கரண்ட் விடும். இதுல யாரு தூங்கினாலும் பால் அடுப்புலதான்."

"ரோட்டுல போகும்போது ஒண்ணும் ஆகலையே?" என்று சிலர் கேட்பார்கள்.

"போகும்போது எதிர்க்காத்தே ஆத்திடும். நிக்கும்போதுதான் ஃபேன் வேணும். நிக்கிற இடத்துலதான் மனுஷனுக்கும் கோபம் வருது, என்ஜினுக்கும் வருது."

தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருக்கும் ரிலே. கரண்ட் வந்ததும் உள்ளே 'டிக்' என்று ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் ஃபேன் மெதுவாக எழுந்து 'உம்ம்' என்று சத்தம் பிடிக்கும். சூடு குறைந்ததும் இன்னொரு 'டிக்'. பிறகு சத்தம் தேய்ந்து நின்றுவிடும். இந்த இரண்டு டிக்கையும் காதால் கேட்காமல் அத்தான் எந்த வண்டியையும் வெளியே விட மாட்டார். பானெட்டை மூடிவிடுவார். என்ஜினை ஓட விட்டுவிட்டு, வண்டிக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்துக் கைகட்டி நிற்பார். கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றால் அவசரம் வரும், காது அவசரப்படாது என்பது அவர் கட்சி. மற்ற கடைகளின் சுத்தியல் சத்தம், தெருவில் போகிற பஸ் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே அந்தச் சின்ன டிக்கைப் பிடித்துவிடுவார். "எடுத்துக்கிச்சு" என்பார். பிறகு தலையைச் சாய்த்து, "பேரிங் தேஞ்சிருக்கு. அடுத்த வெயிலுக்குத் தாங்காது, சொல்லிட்டேன்" என்பார். அடுத்த வெயிலில் அந்த வண்டி முனகிக்கொண்டு வந்து நிற்கும். அப்படி வந்த பேர்தான் பாம்புக்காது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ரேடியேட்டர் பக்கம் கையை விடுவதற்கு முன்னால் ஃபேனின் பிளக்கைக் கழற்றிவிடுவார். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சூடு ஆறும்வரை ஃபேன் ஓடும். நின்றிருக்கிற ஃபேன் திடீரென்று தானாக எழுந்துகொள்ளும். அதில் விரல் நுனியைக் கொடுத்தவர்களை அவருக்குத் தெரியும். வேலை முடிந்ததும் பிளக்கை அழுத்தினால் அதன் பூட்டு 'டக்' என்று விழும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் பிளக் உட்காரவில்லை என்று அர்த்தம்.

ஆக, எல்லாமே சத்தம்தான் அவருக்கு.

அவருக்குக் காது மங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான். கண்டுபிடித்தேன் என்று சொல்வதும் தப்பு. என் குரல்தான் அவருக்கு முதலில் போயிற்று. "அத்தான், பத்தாம் நம்பர் ஃபியூஸ் தீர்ந்துபோச்சு" என்றால், "என்ன முணுமுணுக்கிறே? வாயைத் திறந்து சொல்லு" என்பார். அக்காவும் கூடச் சேர்ந்துகொள்வாள்: "இவ பேசுறது இவ காதுக்கே எட்டாது. உங்களுக்கு எங்க எட்டும்?" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சின்ன வயசிலிருந்து எல்லோரும் என்னிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நானும் என் குரல்தான் கோளாறு என்று நினைத்தேன்.

ஆனால் நான் பார்த்துக்கொண்டேயிருக்கிறவள். பேசாதவர்களுக்கு வேறு என்ன வேலை? ஃபோன் வந்தால் அத்தான், "கை அழுக்கா இருக்கு, நீ பேசு" என்று அக்காவிடம் நீட்டத் தொடங்கினார். கை சுத்தமாக இருந்த நாளிலும் நீட்டினார். கஸ்டமர் பேசும்போது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வாயைப் பார்க்கத் தொடங்கினார். ரிலேயைச் சோதிக்கும்போது அதன் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார். டிக் சத்தம் இப்போது அவருக்கு விரலில் கேட்டது.

அதைக்கூட நான் சகித்துக்கொண்டேன். வேறொன்றுதான் என்னைப் பயமுறுத்தியது. ஒருநாள் வழக்கம்போல் வண்டிக்கு முதுகு காட்டி நின்றவர், "எடுத்துக்கிச்சு. சாவியைக் கொடு" என்றார். ஃபேன் எடுக்கவில்லை. என் ஸ்டூலுக்கு இரண்டடியில் நின்றிருக்கிறது வண்டி, எனக்குத் தெரியாதா? ஸ்டார்ட் செய்கிற சாவியை மட்டும் வண்டியில் விட்டுவிட்டு, வண்டிக்காரர்களின் மிச்சச் சாவிக்கொத்தை என் பக்கத்து ஆணியில்தான் மாட்டுவோம். நான் எழுந்து, இந்தச் சாவியா அந்தச் சாவியா என்று பார்ப்பதுபோல் தடவிக்கொண்டிருந்தேன். "என்ன, சாவி முட்டை போடுதா?" என்று வண்டிக்காரர் கிண்டல் செய்தார். என் முகமெல்லாம் வேர்த்தது. கொஞ்ச நேரம் கழித்து ரிலே டிக் என்றது, ஃபேன் எழுந்தது. அப்புறம்தான் சாவியைக் கொடுத்தேன்.

அத்தான் அவசரப்பட்டுவிட்டார் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மறுபடியும் நடந்தது. அதற்குப் பிறகும் நடந்தது. ஓடாத ஃபேன் அவருக்கு ஓடியது. ஒவ்வொரு முறையும் நான் சாவியைத் தேடினேன். எனக்குச் சாவி தேடத் தெரியாது என்று டிரைவர்கள் மத்தியில் பேராகிவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். மத்தியானம் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்டி" என்றாள். "நான் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அலாரம் அடிச்சு அடிச்சு ஓயுது, மனுஷன் அசையறதில்லை."

"டாக்டர்கிட்ட..."

"கூப்பிட்டேன். 'எனக்கென்ன கேடு, ஊரு பேரு வச்சிருக்கு பாம்புக்காதுன்னு, நீ செவிடுங்கிறியா'ன்னு அன்னைக்கெல்லாம் சாப்பிடலை. நீ பாட்டுக்கு வெளிய சொல்லிடாதே. பாம்புக்காது போயிடுச்சுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும், ஊரே சொல்லிடும். அப்புறம் இந்த ஷட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு நாம மூணு பேரும் ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"அக்கா, ஓடாததை ஓடுதுங்கிறார்."

அப்போதுதான் அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். அது அவளுக்குத் தெரியாது. கேட்காமல் போவது தெரியும், இல்லாதது கேட்பது தெரியாது. சோப்பு நுரையோடு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீதான் பக்கத்துல இருக்கியே" என்றாள் கடைசியில். "பாத்துக்கோ."

நான் பார்த்துக்கொண்டேன். கடையை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி என்றேன். அத்தான் "எடுத்துக்கிச்சு" என்று சொல்லும்போதெல்லாம் டேப் சுற்றுவதை நிறுத்திவிட்டு நானே ஃபேனுக்குக் காது கொடுப்பேன். அது எடுத்த பிறகுதான் மறுபடி டேப்பைத் தொடுவேன்.

டாக்சி டிரைவர் ஒருவர் வந்தது அப்படி ஒரு நாளில்தான். பெரிய மீசை, கனமான குரல். தூரத்து ஊர்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். அத்தானுக்கு ரொம்ப நாள் பழக்கம்.

"அண்ணே, சாவி போட்டதும் ஃபேன் ஏரோபிளேன் மாதிரி கத்துது. வண்டி ஜில்லுன்னு இருக்கும்போதே கத்துது. நிக்கவே மாட்டேங்குது. பேசஞ்சர் பறக்கப் போறோமான்னு கேக்குறார்."

அத்தான் சிரித்தார். அந்தக் குரல் அவருக்கு எட்டும். "சென்சார் ஒயர் எங்கயோ விட்டுப்போயிருக்கும். எவ்வளவு சூடுன்னு சேதி வரலைன்னா பெட்டி பயந்துக்கும். எதுக்கும் இருக்கட்டும்னு ஃபேனை முழுசா ஓட விட்டுடும்."

"எங்க வீட்டம்மா மாதிரி. நான் ஃபோனை எடுக்கலைன்னா ஊருக்கே ஃபோன் போட்டுடுவா."

அத்தான் சொன்னதுதான் சரி. சென்சாருக்குப் போகிற கனெக்டர் பச்சை பூத்துக் கிடந்தது. என்னிடம் அந்த மாதிரிக் கனெக்டர் இல்லை. "தெருக்கோடிக் கடையில வாங்கிட்டு வா" என்றார் அத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன். டெர்மினல் நெரித்துக் கொடுத்தேன். ஃபேன் பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டு, ஒயரைச் சேர்த்து, டேப் சுற்றி முடித்தார். ரிலேயையும் மாற்றிவிடலாம், பழசாகிவிட்டது என்றார். அதற்கும் கடைக்குப் போகச் சொன்னார்.

நான் தயங்கினேன். அக்கா உள்ளே துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா போகட்டுமே" என்றேன்.

"என்னது?"

"அக்கா போகட்டும்."

"அவளுக்கு ரிலேக்கும் ரஸ்குக்கும் வித்தியாசம் தெரியுமா? போம்மா, சீக்கிரம்."

ஓட்டமும் நடையுமாகப் போனேன். கடையில் கூட்டம். நான் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறவள். "எனக்கு முதல்ல கொடுங்க" என்று சொல்ல வராது. திரும்பி வந்தபோது வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு மட்டும் இருந்தது. அவசரமாகச் சவாரி வந்துவிட்டதாம். ரிலேயை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று டிரைவர் கிளம்பிவிட்டாராம்.

"ஃபேன் ஓடிச்சா, அத்தான்?"

அவர் என் வாயைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "நல்லா ஓடிச்சு. நானே நின்னு கேட்டுத்தானே அனுப்பினேன்" என்றார்.

அன்று முழுவதும் எனக்கு டேப் கோணலாகவே சுற்றியது.

மறுநாள் காலை அந்த டாக்சி வந்தது. டிரைவர் என்ஜினை நிறுத்தாமலே இறங்கினார். கதவைச் சாத்தின வேகத்தில் மேஜையில் இருந்த ஸ்க்ரூ டப்பா அதிர்ந்தது.

"அண்ணே, நான் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணினேன்?"

நேற்றுச் சவாரியில் பாலத்துக்குப் பக்கத்தில் நெரிசலில் நின்றபோது வண்டி கொதித்துப் புகை விட்டதாம். வயசான அம்மா ஒருவர் பின்சீட்டில் இருந்தாராம், ஆஸ்பத்திரிக்குப் போக. புகையைப் பார்த்து நெருப்பு என்று பயந்து, நடு ரோட்டில் கதவைத் திறந்து இறங்கி விழுந்துவிட்டாராம். முழங்கை முறிந்துவிட்டது. வேறு வண்டி பிடித்து அனுப்பிவிட்டு பானெட்டைத் திறந்து பார்த்தால், ஃபேன் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்ததாம். அவரே அதை மாட்டி ஓட்டிக்கொண்டு வந்தாராம்.

அத்தான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் வேகமாகப் பேசியதால் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் "பிளக்" புரிந்துவிட்டது.

"பிளக்கை நான் மாட்டினேன்."

"மாட்டினீங்க. பூட்டு விழலை. ரோட்டுல ஆடி ஆடி வெளிய வந்துடுச்சு."

"ஃபேன் ஓடினதை நான் கேட்டேன். இங்கயே நின்னு கேட்டேன். வழியில நீ யார்கிட்டயாவது காட்டியிருப்பே, எவனோ கை வச்சிருக்கான்."

"அண்ணே! பொய் சொல்லாதீங்க. வண்டி போனாப் போகுது. அந்தம்மா கீழ விழுந்து கத்தினது இன்னும் என் காதுல இருக்கு."

"நான் பொய் சொல்றவனா?"

டிரைவர் வண்டியைக் கைகாட்டினார். பிறகு, "சரி, இப்பக் கேளுங்க. வண்டி ஓடிக்கிட்டுதான் இருக்கு. வழக்கம்போலக் கேட்டுச் சொல்லுங்க" என்று கத்திச் சொன்னார்.

அத்தானுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வேட்டையில் இறங்குகிறவர்போல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வண்டிக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து, கைகட்டி நின்றார்.

டிரைவர் பானெட்டைத் தூக்கினார். உள்ளே கையை விட்டார். வெளியே எடுத்த கையில், மாட்டியிருந்த இடத்திலிருந்து கழற்றிய ஃபேன் பிளக் ஒயரோடு இருந்தது. அதைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். பேசாதே என்கிற பார்வை. பேசாமல் இருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அன்று பேச நினைத்தேன். எழுந்தும் நின்றேன். 'அத்தான்' என்று கூப்பிட்டேன். என் குரலைவிட அந்த என்ஜினின் சத்தம் பெரிது. இல்லாவிட்டாலும் அவருக்குக் கேட்டிருக்காது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தானின் பிடரி தெரிந்தது. அதில் ஒரு நரம்பு எழும்பியிருந்தது. அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ம்ம்... டிக். இப்ப எடுத்துக்கிச்சு" என்றார்.

டிரைவர் கையில் பிளக் அசையாமல் இருந்தது.

"கேக்குதா? நல்லாத்தான் ஓடுது. சத்தத்துல ஒரு பிசிறு இல்லை. புது ஃபேன் மாதிரி இருக்கு."

டிரைவர் முகத்தில் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவர்போல் ஆகிவிட்டார். ஃபேன் இல்லாமல், என்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டிருக்கும் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிளக்கைத் தொங்க விட்டுவிட்டு, கதவு வழியாகக் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது. கடைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

அத்தான் திரும்பவில்லை. என்ஜின் நின்றதை அவர் காலால் உணர்ந்திருப்பார்.

"ஏன் நிறுத்திட்டே? பரவாயில்லை, ஃபேன் இன்னும் ஓடுது பாரு. இந்த வண்டியில சாவி எடுத்தாலும் ஓடும், சூடு ஆறணும் இல்லையா" என்றார். தலையை லேசாகச் சாய்த்து, இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். "ஓடுது... ஓடுது..."

துணி பிழிந்த கையோடு அக்கா கதவில் வந்து நின்றாள்.  ரொம்ப நேரம் யாரும் பதில் சொல்லாததால்தான் அத்தான் திரும்பினார். முதலில் டிரைவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தொங்கிக்கொண்டிருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு ரேடியேட்டருக்குப் பின்னால் அசையாமல் இருந்த ஃபேனைப் பார்த்தார். கிட்டே போய் அதன் இலை ஒன்றை விரலால் தள்ளினார். அது கொஞ்சம் நகர்ந்து நின்றது.

பிறகு அவர் இரண்டு காதையும் இரண்டு விரலால் அடைத்துக்கொண்டார். எடுத்தார். மறுபடி அடைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடைத்த காதுக்குள்ளும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"அண்ணே, விடுங்க" என்றார் டிரைவர். இப்போது அவர் குரல் தணிந்திருந்தது. அதனால் அது அத்தானைச் சேரவில்லை. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அக்காவிடம் சொன்னார். பிளக்கைத் தானே அழுத்தினார். டக் என்று பூட்டு விழுந்தது. அத்தான் என்னைப் பார்த்தார், விழுந்ததா என்று. நான் தலையாட்டினேன். டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் அத்தான். என்னைத்தான் கேட்டார்.

நான் ஆணியில் தொங்கும் சாவிகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். சாவி தேடத் தெரியாதவள் என்று என்னை எல்லோரும் கேலி செய்ததெல்லாம் அவருக்கு அப்போது ஞாபகம் வந்திருக்கும்.

"உங்கக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அக்கா, அவருக்கு எதிரே வந்து நின்று. "தெரிஞ்சு என்ன பண்றது? சொன்னா அடிக்க வரீங்க. சொல்லலைன்னா இப்படி நிக்கிறீங்க. நான் எந்தப் பக்கம் போறது?"

"மத்தது எதுவும் சரியாக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும்டி" என்றார் அத்தான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நீ பேசுறது, இவ பேசுறது, ஃபோனு, எதுவும் கேக்கலை. ஃபேன் மட்டும் நல்லாக் கேக்குதே, தொழிலுக்கு வேண்டியதை மட்டும் மிச்சம் வச்சிருக்கே, போதும்னு நெனச்சேன்."

அக்கா அவர் தோளைத் தொடப் போனாள். அவர் எழுந்து ஷட்டரை இறக்கிவிட்டார்.

அந்த அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூவரும் போனோம். கையில் மாவுக்கட்டு. ரோட்டில் விழுந்த கதையை அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, அது கிட்டத்தட்ட வேடிக்கைக் கதையாகவே ஆகியிருந்தது. நாங்கள் யார் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். அத்தான் கைகூப்பினார். என்ன சொன்னார் என்பதை நான் எழுதப் போவதில்லை. அதே ஆஸ்பத்திரியில் காது டாக்டரையும் பார்த்தோம். நரம்பு பலவீனம், மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு கேட்கும், ஆனால் காதுக்குள் கேட்கிற அந்த இரைச்சலுக்கு மருந்து இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

மறுபடி கடை திறந்த அன்று ஒரு சின்னச் சிவப்புக் கார் வந்தது. ஓட்டி வந்த அம்மாள், ஏசி போட்டால் ஃபேன் ஓடவில்லை என்றார். பானெட்டில் கை வைப்பதற்கு முன்னால் அத்தான் சொன்னார்:

"ஒண்ணு சொல்லிடுறேன்மா. எனக்குக் காது சரியில்லை. ஓடாத ஃபேன் ஓடுற மாதிரி கேக்குது. வேலை செஞ்சு கொடுப்பேன். ஆனா ஓடுது, ஓடலைன்னு நான் சொன்னா நம்பாதீங்க. சூடு ஏறி, ஃபேன் எடுத்து, நிக்கிற வரைக்கும் நீங்களே இங்க நின்னு பாத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்."

அந்த அம்மாள் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அவசர வேலை இருக்கு, அப்புறமா வரேன்" என்று கிளம்பிவிட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே.

அக்காவுக்குத் தாங்கவில்லை. "அந்த டிரைவரே வாயைத் திறக்கலை. நீங்க தமுக்கடிக்கிறீங்க! இவதான் இருக்காளே, கேட்டுச் சொல்ல மாட்டாளா?"

"இவ எத்தனை நாளைக்குச் சாவி தேடுவா?" என்றார் அத்தான். "ஒரு நாள் இல்லாமப் போனாளே, என்ன ஆச்சு?"

"சொல்லிச் சொல்லிக் கடையை மூடுங்க."

"மூடினா மூடட்டும்."

அந்த மாசம் பாதி நாள் கடைக்குள் வண்டி இல்லை. எனக்கு நெரிக்க டெர்மினல் இல்லை. மெஷின் வாங்கிக் காதில் வைத்தார். அதில் தெரு முழுக்கக் காதுக்குள் வந்து கத்துகிறது என்று எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார். அக்கா அதை எடுத்துத் துடைத்து மறுபடி நீட்டினாள். இது தினமும் நடந்தது.

பிறகு ஒரு மத்தியானம் மீசைக்கார டிரைவர் வந்தார். ஃபேன் மெது வேகத்தில் ஓடுவதே இல்லை, எடுத்தால் ஒரேயடியாக முழு வேகத்தில்தான் எடுக்கிறது என்றார். அத்தான் எழுந்து அவர் முன்னால் நின்றார்.

"ஒண்ணு சொல்லிடுறேன். எனக்குக் காது சரியில்லை..."

"அண்ணே, எங்கிட்டயுமா? அதான் எனக்குத் தெரியுமே!"

"யார் வந்தாலும் சொல்றது. இரு, முழுசாச் சொல்லிடுறேன்."

முழுசாகச் சொன்னார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். மெது வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தது. நான் வாங்கி வந்தேன். பிளக்கைக் கழற்றி, வேலையை முடித்து, மாட்டி, பூட்டு விழுந்ததா என்று விரலால் இழுத்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்தே வைத்தார். இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சூடு ஏறியது. இலைகள் மெதுவாக நகர்ந்து, பிறகு தெரியாமல் போயின.

"மெதுவா எடுத்துக்கிச்சு அண்ணே. சரியாயிடுச்சு. வரட்டுமா?"

"இரு. நிக்கட்டும்."

டிரைவர் நின்றார். சூடு குறைந்ததும் ரிலே டிக் என்றது. இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, தளர்ந்து, நின்றுவிட்டன. அத்தான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் எதிரே அசையாமல் இருக்கிற ஃபேனைப் பார்த்தபடியே டிரைவரிடம் கேட்டார்:

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு அண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன் அண்ணே. நின்னுடுச்சு."